கையைப் பார்க்கும் முன் காலைப் பாருங்கள்



இரண்டு மாதத்துக்கு முன் ஆத்தூரில் அண்ணன் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் தொம், தொம் என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். முதல் நாள், யாரோ உரலில் இடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சேகோ ஆலையை மூடிப் பல வருடமாகிறது. குச்சிக்கிழங்கு மாவு காயப்போட்ட சிமெண்டுக் களம் மட்டும் வெடிப்புவிட்டுக் கிடக்கிறது. களத்தின் ஒரு ஓரத்தில் நின்று அண்ணன் மகள் எதிர்ச்சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். சுவரில் கரித்துண்டால் கட்டம் போட்டிருந்தாள். கட்டத்துக்குள் பட்டால் ஒரு புள்ளி, வெளியே போனால் அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள்.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி சாஃப்ட்பால் அணிக்கு அவள்தான் பிட்சர், பந்து எறிபவள்.

"எத்தனை பந்து போட்டே கண்ணு?"

"எண்ணலை அத்தை. நூத்தம்பது இருக்கும்."

"தினமுமா?"

"மேட்ச் வருதுல்ல? வேகமே வர மாட்டேங்குது."

பேசிக்கொண்டே வலது தோளின் முன்பக்கத்தை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். சட்டென்று கையை எடுத்துவிட்டாள். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க அத்தை. ஆடவே வேணாம்னுருவாங்க."

அந்த ஒரு வரிதான் இந்த மாதப் பக்கத்தை எழுத வைத்தது. ஏனென்றால் அதே வரியை அதே வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். பள்ளியில் குண்டு எறிவேன். மைதானத்தில் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி எல்லாம் 'இன்னும் வேகமா, இன்னும் தூரமா' என்ற குரல் மட்டுமே. கால் எங்கே இருக்கிறது, இடுப்பு எப்போது திரும்ப வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. வலியை மறைத்து மறைத்து இரண்டு வருடம் எறிந்தேன். பத்தாம் வகுப்பில் தோளைத் தூக்க முடியாமல் நிறுத்தினேன். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க இன்றும் என் வலது கை தயங்கும். எனக்கு நடந்தது இந்தப் பிள்ளைக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருக்க முடியாது.

சாஃப்ட்பாலைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பேஸ்பாலின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1887-இல் சிகாகோவில் ஒரு படகு கிளப்பின் உள்ளரங்கில் தொடங்கிய ஆட்டம். நம் ஊர்ப் பள்ளிகளில் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பெண்பிள்ளைகள் ஆடிவருகிறார்கள். பெயரில்தான் சாஃப்ட்; பந்து மிருதுவானது அல்ல. கிரிக்கெட் பந்தின் சுற்றளவு சுமார் 23 சென்டிமீட்டர், இதற்கு 30. கிரிக்கெட் பந்து 160 கிராம் அளவில் இருக்கும், இது 180-க்கும் மேல். இந்தப் பந்தைப் பெண்கள் ஆட்டத்தில் 13.11 மீட்டர் தூரத்திலிருந்து கீழ்க்கையால் எறிய வேண்டும். கை ஒரு முழு வட்டம் சுற்றி, தொடையோரம் இறங்கி, அங்கே பந்தை விடும். விண்ட்மில் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் மோனிகா ஆபட் 2012-இல் மணிக்கு 124 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து கின்னஸ் சாதனை படைத்தார். அந்த வேகத்தில் வரும் பந்து அடிப்பவரை வந்துசேர அரை வினாடிகூட ஆகாது.

கையை இப்படிச் சுழற்றி எறிவது நமக்கு அந்நியமானதும் அல்ல. தினைப்புனம் காத்தவர்கள் கவண் வீசிய செய்தி சங்கப் பாட்டுகளில் பல இடங்களில் வருகிறது. கவணின் சூட்சுமமும் விண்ட்மில்லின் சூட்சுமமும் ஒன்றுதான். கயிற்றின் நுனியில் கல் சுற்றுகிறது. வேகம் கயிற்றில் பிறப்பதில்லை. வீசுபவரின் உடம்பில் பிறந்து, கயிறு வழியாக ஓடி, கல்லுக்குப் போகிறது. விண்ட்மில்லில் கைதான் கயிறு. என் அண்ணன் மகள் செய்துகொண்டிருந்தது என்னவென்றால், கயிற்றையே தள்ளிக்கொண்டிருந்தாள்.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவரை அடுத்த நாள் களத்துக்கு அழைத்துவந்தேன். வந்தவர் ஒரு பழைய உரல்மேல் உட்கார்ந்துகொண்டார். இருபது பந்து போடச் சொன்னார். இருபது பந்துக்கும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு அதுவே பெரிய சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் திரும்பிப் பார்த்தாள். இருபதும் முடிந்ததும் டீச்சர் எழுந்துபோய் அவளுடைய தோளைத் தொடவில்லை, கையைத் தொடவில்லை. குனிந்து, தரையில் அவளுடைய இடது கால் பதிந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"இங்க பாரு பாப்பா. பந்து அந்தச் சுவத்துக்குப் போகணும். உன் கால் எங்க போகுது?"

கால் வலப்பக்கம் ஒரு சாண் விலகிப் போயிருந்தது. இருபதில் பதினாறு முறை அப்படி.

இந்த ஒரு சாணில்தான் வலியின் மூலம் இருக்கிறது என்று அவர் விளக்கினார். வலக்கைப் பிள்ளை எறியும்போது வலது காலால் பிட்சர் பிளேட்டை உந்தி, இடது காலை நேராக, எதிரே பந்தைப் பிடிக்கும் கேட்சரை நோக்கி நீட்ட வேண்டும். அந்தக் கால் வலப்பக்கம் விலகினால் இடுப்பு குறுக்கே வந்து நின்றுவிடும். கை தொடையை ஒட்டி இறங்க வழி இருக்காது. வழி இல்லாத கை, இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். உடம்பு கொடுக்க வேண்டிய வேகத்தை எல்லாம் அப்போது தோளே கொடுக்க வேண்டி வரும். பிள்ளைக்கு வேகம் வராததும் தோள் வலித்ததும் இரண்டு வியாதி அல்ல, ஒன்றுதான்.

அடுத்து முன்கால். பதிந்த கால் உறுதியாக நிற்க வேண்டும். இதற்கு டீச்சர் சொன்ன உவமை எனக்குப் பிடித்திருந்தது. சேலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் என்ன ஆகும்? பஸ் நிற்கும், நாம் முன்னால் பாய்வோம். இடது கால்தான் பிரேக். அது பிடித்தால் இடுப்பு சுழலும், இடுப்பு சுழன்றால் தோள் தொடரும், தோளைத் தொடர்ந்து முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. சாட்டையைச் சொடுக்கும்போது பிடியில் கொடுத்த சின்ன அசைவு நுனியில் வெடிப்பதுபோல. முன்முழங்கால் தொய்ந்து மடங்கினால், பிரேக் பிடிக்காத பஸ்தான். உடம்பு வளைந்து முன்னால் சாயும், பந்து தரையில் குத்தும். நல்ல பிட்சர் பந்தை விடும் நொடியில் நிமிர்ந்து நிற்பார். படத்தில் பார்த்தால் கும்பிடப் போகிறவர்போலத் தெரியக் கூடாது.

பிறகுதான் கை. வட்டத்தின் உச்சியில் கை காதோரம் உரசுவதுபோல மேலே போக வேண்டும். அந்த நேரம் மார்பு கேட்சரைப் பார்க்காமல் வலப்பக்கம் திறந்திருக்கும், இடது தோள்தான் கேட்சரைக் காட்டும். இறங்கும்போது முழங்கை விறைப்பாக இருக்கக் கூடாது. லேசான தளர்வு வேண்டும். முன்கை தொடையோரம் மெல்ல உரசும்போது மணிக்கட்டு சொடுக்கிப் பந்து புறப்படும். ஏரியில் ஓட்டாஞ்சில்லு விட்டுத் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போகவைத்தவர்களுக்கு இந்தச் சொடுக்கு தெரியும். சில்லை யாரும் தோளால் தள்ளுவதில்லை.

பந்தைப் பிடிப்பதிலும் ஒரு கோளாறு இருந்தது. பிள்ளையின் கை சின்னது. முப்பது சென்டிமீட்டர் பந்தை அவள் உள்ளங்கையோடு அழுத்திப் பிடித்திருந்தாள், கொழுக்கட்டைக்கு மாவு பிடிப்பதுபோல. அழுத்தமாகப் பிடித்த விரலிலிருந்து தோள்வரை எல்லாத் தசையும் இறுகிவிடும். விரல் நுனிகளால் பிடிக்க வேண்டும், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். அமெரிக்காவில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 28 சென்டிமீட்டர் பந்து கொடுக்கிறார்கள். எறியும் தூரமும் அவர்களுக்கு 10.67 மீட்டர்தான். பதினான்கு வயதுப் பிரிவில்தான் 13.11 மீட்டருக்கு வருகிறார்கள். கைக்கு ஏற்ற பந்து, வயதுக்கு ஏற்ற தூரம். நம் மைதானங்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே பையிலிருந்து ஒரே பந்தை எடுத்து எறிகிறார்கள்.

இவ்வளவு கோளாறுகளையும் பார்த்த டீச்சர், பிள்ளையிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "இந்த வாரம் கோட்டுமேல கால் வை. வேகத்தை மறந்துரு. மத்ததெல்லாம் அப்பறம்."

எனக்குப் பொறுக்கவில்லை. பிடியையும் சொல்லிவிடலாமே என்றேன். "நாலையும் சொன்னா நாலையும் யோசிப்பா. யோசிச்சிக்கிட்டே எறியற கைதான் அடிபடும்" என்றார். அவர் சொன்னதே சரி என்று இப்போது புரிகிறது. பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு ஒரு திருத்தம் போதும். அதற்கு மேல் சொல்வது நம் அவசரமே தவிர அவளுடைய தேவை அல்ல.

அந்த ஒரு வாரம் சுலபமாக இருக்கவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகு போனில் அழுதாள். "கை என்னோடது மாதிரியே இல்லை அத்தை. முன்னாடி விழுந்த கட்டத்துலகூட இப்ப விழ மாட்டேங்குது." அப்போது நான் அவளுக்குச் சொன்னது சின்னப்பம்பட்டிக் கதை.

ஆத்தூர் சேலத்துக்குக் கிழக்கே என்றால் சின்னப்பம்பட்டி மேற்கே. நெசவுக் கூலி அப்பா, சாலையோரம் கோழிக் கடை போட்ட அம்மா. கிரிக்கெட் வீரர் நடராஜன் இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அண்ணன்தான் அவரைச் சென்னை லீக்குக்குக் கூட்டிப்போனவர். அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தன் பெயரோடு சேர்த்துச் சட்டையில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நன்றி நடராஜனுக்கு. 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காள அணிக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம். அந்த முதல் ஆட்டத்திலேயே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று நடுவர்கள் புகார் எழுதினார்கள். முழங்கை மடங்குகிறது, எறிகிறார் என்று பொருள்.

யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருடம் தெருவிலும் காட்டிலும் ஏரிக்கரையிலும் பழகிய கை. டென்னிஸ் பந்து எடையில்லாதது. அதில் வேகம் எடுக்கக் கை தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தக் கை தவறு என்று ஒரே நாளில் தீர்ப்பு வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. முன்னாள் தமிழ்நாடு சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் போன்றவர்களின் பார்வையில், ஏறக்குறைய ஓராண்டு, பந்துவீச்சு முறையை அடியிலிருந்து மாற்றிக்கொண்டார்.

2016-இல் முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடரில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவரின் ஆறு பந்தையும் யார்க்கராகப் போட்டார். மறு வருடம் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் இந்திய அணிக்காக ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். இந்தச் சாதனைகளைவிட அந்த 2015-ஆம் வருடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். படம் எடுக்க யாரும் இல்லாத, ஸ்கோர்கார்டில் பெயர் இல்லாத அந்த ஒரு வருடத்தில் அவருக்கும் கை தன்னுடையதாகத் தோன்றாத நாட்கள் நிறைய இருந்திருக்கும்.

இதைச் சொன்னதும் பிள்ளை கேட்டாள்: "அப்ப எல்லாத்தையும் மாத்திக்கணுமா அத்தை?" நல்ல கேள்வி. பெரியவர்களில் பலர் கேட்கத் தவறும் கேள்வியும்கூட.

மாற்ற வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்பதில்தான் ஆசிரியரின் அறிவு தெரியும். இலங்கையில் காலி பக்கத்து லசித் மலிங்கா கையைப் பக்கவாட்டில் வீசி எறிவதுபோலப் போடுவார். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத முறை. அவரைக் கண்டெடுத்த சம்பக ராமநாயக்க அதை மாற்றவில்லை, அப்படியே வளரவிட்டார். கண்டி முத்தையா முரளிதரன் பள்ளியில் முதலில் மித வேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதில் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. 1995-இல் மெல்போர்னில் நோ பால் என்று கையை நீட்டிய நடுவருக்கு அந்தக் கையின் அமைப்பு தெரியவில்லை. பிறகு ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். முழங்கை 15 பாகைவரை நிமிரலாம் என்று ஐ.சி.சி. 2005-இல் எல்லோருக்கும் பொதுவாக விதியை மாற்றியது. அந்தக் கை 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது. கண்ணுக்குத் தெரிவதும் உண்மையில் நடப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இப்போது சென்னை போரூரில், ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலேயே ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ஆத்தூர்ப் பிள்ளைக்குப் போரூர் போக வேண்டியதில்லை. வீட்டில் எல்லார் கையிலும் இருக்கும் போனில் ஸ்லோ மோஷன் இருக்கிறது. பக்கவாட்டில் ஒன்று, பின்னால் நின்று ஒன்று என இரண்டு படம் போதும். பின்னாலிருந்து எடுத்ததில் கால் கோட்டில் விழுகிறதா என்று தெரியும். பக்கத்திலிருந்து எடுத்ததில் உடம்பு நிமிர்ந்திருக்கிறதா, முழங்கால் பிடிக்கிறதா என்று தெரியும். அண்ணன் வாரம் ஒரு முறை எனக்கு அனுப்புகிறார், நான் டீச்சருக்கு அனுப்புகிறேன். பிள்ளையே அதைப் பார்த்துத் தன் தவறைத் தானே சொல்லத் தொடங்கிவிட்டாள். நாம் நூறு முறை சொல்வதைவிட அது மேல்.

இனி எண்ணிக்கை. இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கீழ்க்கையால் எறிவது இயல்பான அசைவு, எவ்வளவு எறிந்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை மைதானங்களில் ரொம்ப நாளாக இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998-இலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள்: விண்ட்மில் எறியும்போது தோள்மூட்டை இழுக்கும் விசை, மேல்கையால் எறியும் பேஸ்பால் பிட்சர்களுக்கு வருவதற்குச் சளைத்ததல்ல. கை கீழே பாய்ந்து வரும்போது முழங்கையை இழுத்துப் பிடித்து நிறுத்துவது புஜத்தின் முன்தசை. அதன் நரம்புபோன்ற நுனி தோளின் முன்பக்கத்தில்தான் போய் ஒட்டுகிறது. என் அண்ணன் மகள் பிசைந்துகொண்டிருந்தது சரியாக அந்த இடத்தை.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எலும்பு நீளமாவதற்கென்று அதன் நுனிப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன ஒரு பகுதி இருக்கும். வளர்ச்சி முடியும்வரை அது கெட்டிப்படாது. பெரியவர்களுக்குத் தசை பிடித்துக்கொள்ளும் இடத்தில், பிள்ளைகளுக்கு அந்தக் குருத்து விலகலாம். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பெண்பிள்ளைகள் ஒரே வருடத்தில் மளமளவென்று உயரமாவார்கள். போன வருடம் சரியாக வந்த வீச்சு இந்த வருடம் தடுமாறுவதற்கு அதுவும் காரணம். கையும் காலும் நீண்டுவிட்டன, உடம்பு இன்னும் கணக்குப் பழகவில்லை. சோம்பேறித்தனம் என்று திட்டிவிடாதீர்கள்.

பேஸ்பாலில் மேல்கையால் எறியும் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் 2014 முதல் பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டி இருக்கிறது. 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் கூடாது. 13, 14 வயதுக்கு 95. 66 பந்தை எட்டிவிட்டால் நான்கு நாள் எறியவே கூடாது. இது ஆட்டநாளின் உச்ச வரம்பு. நம் பிள்ளை களத்தில் தனியாக, தினமும், நூற்றைம்பது. அவள் அம்மா என்னிடம், "சும்மா சுவத்துல அடிச்சிக்கிட்டிருக்கா" என்றார்.

ஜப்பானின் யுகிகோ உவேனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு நாளில் மூன்று ஆட்டம் ஆடி 413 பந்து எறிந்து தன் நாட்டுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுகிறோம். அப்போது அவருக்கு வயது 26. வளர்ச்சி முடிந்த உடம்பு, வருடக்கணக்கான தயாரிப்பு, சுற்றிலும் மருத்துவர்கள். 2021-இல் டோக்கியோவில் மறுபடி தங்கம் வாங்கியபோது 39. அந்த 39-ஐத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கோட்டுப் பயிற்சியின் அந்த முதல் வாரத்துக்குப் பிறகு டீச்சர் அண்ணன் மகளுக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு இது: இரண்டு வாரம் பந்தைத் தொடக் கூடாது. அந்த நாட்களில் ஓட்டம், ஸ்கிப்பிங், ஒற்றைக்காலில் நிற்பது, பந்தில்லாமல் கோட்டுமேல் கால் வைப்பது மட்டும். பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு நாற்பது பந்து. முதல் பத்துப் பந்து கிட்டத்திலிருந்து, மணிக்கட்டு மட்டும். முழு வேகம் கடைசிப் பதினைந்துக்கு மட்டும். எறிந்து முடித்த மறுநாளும் வலி இருந்தால் அந்த வாரம் முழுக்கப் பந்து கிடையாது; அப்படியும் தீராவிட்டால் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அமிர்தாஞ்சனம் தடவிக்கொண்டு மறுநாள் மைதானத்துக்குப் போகக் கூடாது. இந்தக் கணக்கு இந்தப் பிள்ளைக்குப் போட்டது. உங்கள் பிள்ளைக்கு அவளைப் பார்த்த ஒருவர்தான் போட வேண்டும்.

அண்ணியிடம் வலி விஷயத்தை நானே சொன்னேன். பிள்ளையை அருகில் உட்காரவைத்துக்கொண்டே சொன்னேன். ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அண்ணி ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், "வலிக்குதுன்னு என்கிட்ட சொன்னா நான் நிறுத்த மாட்டேன், சொல்லலைன்னாத்தான் நிறுத்துவேன்" என்றார். பிள்ளை தலையாட்டினாள். இந்த ஒப்பந்தம் எல்லா வீட்டிலும் வேண்டும். பெண்பிள்ளைகள் வலியை மறைப்பது வலி தாங்கும் சக்தியால் அல்ல. விளையாட்டு எந்த நேரத்திலும் பறிக்கப்படலாம் என்ற பயத்தால். பையன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம், பெண் வந்தால் ஆட்டத்தை நிறுத்துகிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும்.

நம் பக்கத்தில் மைதானங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆத்தூரிலிருந்து சேலம் போகும் வழியில், வாழப்பாடி அருகே 2020-இல் திறந்த கிரிக்கெட் மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கின்றன. நடராஜன் தன் சொந்தப் பணத்தில் சின்னப்பம்பட்டியில் மைதானம் அமைத்து 2023-இல் திறந்துவிட்டார். கிரிக்கெட்டுக்குக் கிடைத்த இந்தக் கவனத்தில் ஒரு பங்கு சாஃப்ட்பாலுக்கும் வர வேண்டும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மறுபடி இடம்பெறுகிறது. கிரிக்கெட்டும்தான். இரண்டும் ஒரே ஒலிம்பிக்கில் வருகிற வருடம் அது.

அண்ணன் மகள் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, எத்தனை பந்து, கால் எத்தனை முறை கோட்டில், தோள் எப்படி என்று நான்கு பத்தி. சென்ற வாரம் மூன்று நாள் எறிந்திருக்கிறாள்: 40, 38, 40. கோட்டில் விழுந்தது 31, 33, 36. தோள் என்ற பத்தியில் மூன்று நாளும் 'வலி இல்லை' என்று எழுதியிருக்கிறாள். வேகம் இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை.

ஆத்தூர், தலைவாசல், பெத்தநாயக்கன்பாளையம், வாழப்பாடி, ராசிபுரம், நாமக்கல் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்களே, உங்கள் கையில் நேரம் குறைவு, பிள்ளைகள் அதிகம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் அணியின் பிட்சருக்கு இப்படி ஒரு நோட்டுப் போட்டுக்கொடுங்கள். அம்மாக்களே, பின்கட்டில் பந்துச் சத்தம் கேட்டால் ஒரு நாள் போய் உட்கார்ந்து எண்ணிப்பாருங்கள். எத்தனை என்று எங்களுக்கு எழுதுங்கள். பிள்ளையின் பெயர் வேண்டாம்; வயதும் எண்ணிக்கையும் போதும். வருகிற இதழ்களில் அந்தக் கடிதங்களுக்கு இந்தப் பக்கத்தையே ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்